இருசுக்கூட்டின் எண்ணெயை எவர் மாற்றுவது?

வல்லுந்து வைத்திருப்போர் அதன் முகத்தை நாடோறும் துடைப்பர், கண்ணாடியை விளக்குவர், வெள்ளிக்கிழமை தோறும் மாலையும் சூட்டுவர். அதன் அடிவயிற்றில், முன்னிருசின் இடையிலும் பின்னிருசின் இடையிலும் பூசணிக்காய் போல் பருத்துத் தொங்கும் இரும்புக் கூடுகளுக்குள் என்ன இருக்கின்றது என்று குனிந்து பார்த்தோர் மிகச் சிலரே. வாங்கிய நாளில் ஊற்றியிருந்த எண்ணெய் பத்தாண்டு கழிந்தும் அங்கேயே கிடக்கும், கறுத்திருக்கும், நீருங்கூடக் கலந்திருக்கும். கேட்டால், "அதையெல்லாம் பட்டறைக்காரர் பார்த்துக்கொள்வார்" என்பது உடையவரின் விடை. பட்டறைக்காரரோ கேளாத வேலையைச் செய்வதில்லை. இவ்விருவர்க்கும் இடையில் பற்கள் தேய்கின்றன.

இவ்வெண்ணெயை மாற்றுதல் உடையவரே தம் வீட்டு முற்றத்தில் செய்யத்தக்க வேலை. செய்யத்தக்கது மட்டுமன்று, செய்யவேண்டியதுமாம். கைக்கு எட்டுகின்ற வேலையைக் கண்காணாத இடத்திற்கு அனுப்பிவிட்டு விலைச்சீட்டை மட்டும் பெற்றுக்கொள்வது உடைமையாகாது.

மாட்டு வண்டிக்கு இச்சிக்கல் இல்லை. அதன் இருசு சுழலாது நிற்கும். உருளிகள் இரண்டும் அதன்மேல் தனித்தனியே தத்தம் போக்கிற் சுழலும். வளைவில் திரும்புங்கால் வெளியுருளி மிகுதியாகவும் உள்ளுருளி குறைவாகவும் உருண்டு கணக்கைத் தாமே நேர்செய்துகொள்ளும். வண்டிக்காரர் வைக்கோற் கரியை விளக்கெண்ணெயிற் குழைத்து மையாக்கி இருசின் முனைகளில் இட்டார். அதனோடு வேலை முடிந்தது. பொறியே உருளிகளைச் சுழற்றும் உந்துக்கு இது போதாது. ஒரே தண்டு இரண்டு உருளிகளையும் இறுகப் பற்றிச் சுழற்றுமாயின், வளைவில் ஏதேனும் ஒன்று தரையில் இழுபட்டுத் தேயும். ஆகலின் இரண்டையும் சுழற்றவும் வேண்டும். அவை வேறு வேறு விரைவிற் சுழல இடந்தரவும் வேண்டும். நீராவி உந்தின் பொருட்டு இதற்கொரு பல்லிணை அமைப்பைப் பிரான்சு நாட்டுக் கடிகை வல்லுநர் ஒனேசிபோர் பெக்கர் 1820களின் பிற்பகுதியில் வகுத்தார். பட்டறைகளில் 'டிபரன்சியல்' என்று வழங்கும் அதனை வேறுபாட்டுப் பல்லிணை எனலாம். நாலுருளி இயக்க வல்லுந்தில் இது முன்னொன்றும் பின்னொன்றுமாக இரண்டு. எப்பொழுதும் நாலுருளிகளும் இயங்கும் வகையில் நடுவிலும் ஒன்றுண்டு.

தொடக்கத்தில் இப்பற்கள் ஒன்றன்மேல் ஒன்று உருண்டன. 1926-ஆம் ஆண்டளவில் அமெரிக்கப் பேக்கார்டு உந்தில் புதியதோர் அமைப்பு வந்தது. அதில் சிறிய முனைப் பல்லுருளை பெரிய பல்வளையத்தின் நடுக்கோட்டிற்குச் சற்றுக் கீழே இறங்கி அமர்ந்தது. உந்தின் தளம் தாழ்ந்தது. பற்களின் வலிமையும் ஓசையடக்கமும் கூடின. ஆயின் பற்கள் உருளுதலோடு நில்லாமல் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கவும் தொடங்கின. அவ்வழுக்கலில் எழும் அழுத்தத்திற்கு வெறும் எண்ணெய்ப் படலம் தாங்காது, கிழிந்துவிடும். கிழிந்த இடத்தில் எஃகு எஃகைக் கடிக்கும். அதனைத் தடுக்கவே கந்தகமும் பாசுபரசும் அடங்கிய கூட்டுப்பொருள்களை எண்ணெயிற் சேர்க்கின்றனர். அவை வெப்பத்தில் எஃகின் மேற்பரப்போடு வினைப்பட்டு மெல்லிய காப்பாக ஒட்டிக்கொள்கின்றன. இருசெண்ணெயை முகர்ந்தவர் முகம் சுளிப்பதற்குக் கரணியம் அக்கந்தகமே.

எண்ணெய் என்றால் எல்லாம் ஒன்றே என்று கருதுவோர் தம் வல்லுந்துக்குத் தாமே பகைவர். கலத்தின்மேல் 'ஜி.எல்.-5' என்றும் '80டபிள்யூ-90' என்றும் பொறித்திருக்கும். குறியீடு ஆதலின் அவற்றை அவ்வாறே தருதல் வேண்டும். முன்னது அழுத்தந்தாங்கும் தரத்தைக் குறிக்கும். பின்னதில் முதலெண் குளிரிலும் அடுத்தவெண் வெப்பத்திலும் எண்ணெயின் தடிப்பைக் குறிக்கும். இருசுக்கூட்டிற்கு உகந்த 'ஜி.எல்.-5' எண்ணெயைப் பல்லிணைப்பெட்டியில் ஊற்றினால், சிலவகைப் பெட்டிகளில் உள்ள செம்புக்கலப்பு வளையங்களை அதன் கந்தகம் அரித்துவிடும். வழுக்கற்கட்டுப்பாடுடைய வேறுபாட்டுப் பல்லிணைக்கு வேறொரு சேர்பொருளும் வேண்டும். இவற்றுள் எது தம் உந்துக்குரியது என்பதைக் கையேடே சொல்லும். அடுத்த வீட்டுக்காரர் சொல்லார்.

தேனி மாவட்டத்தில் போடிநாயக்கனூரிலிருந்தும் கம்பத்திலிருந்தும் இடுக்கியின் ஏலத் தோட்டங்களுக்குத் தொழிலாளரை ஏற்றிச்செல்லும் வல்லுந்துகளை எண்ணிப் பார்க்கவேண்டும். கொண்டையூசி வளைவு ஒவ்வொன்றிலும் அப்பல்லிணை உழைக்கின்றது. நேர்ச்சாலையில் ஓடும் மகிழுந்திற்கு அவ்வுழைப்பு இல்லை. ஏற்றத்தில் பாரமும், இறக்கத்தில் பொறியின் தடுப்பும், மழைக்காலத்தில் ஓடைநீரும் அதன்மேல் விழுகின்றன. எண்ணெய் குன்றினால் முதலில் ஓர் ஊளையோசை எழும். பின்னர் உருள்தாங்கி தளரும். அதன்பின் பல் உடையும். உடைந்த துண்டு பற்களுக்கிடையிற் சிக்கினால் இருசு பூட்டிக்கொள்ளும். அது வளைவில் நிகழ்ந்தால் உள்ளிருப்போரின் உயிர்க்கு யார் பொறுப்பு? ஒருசில இலிட்டர் எண்ணெயின் விலையை எண்ணித் தயங்குவோர் இதனையும் எண்ணுதல் வேண்டும்.

வேலைமுறை கடினமானதன்று. முதற்கண் உந்தைப் பதினைந்து நிமையம் ஓட்டவேண்டும். வெம்மையுற்ற எண்ணெயே கசடோடு வடியும். பின்னர் மட்டமான தரையில் நிறுத்தி, உருளிகளுக்கு முட்டுக்கொடுத்து, கைத்தடையை இறுக்குக. வல்லுந்தின் அடி உயர்ந்தது. பெரும்பாலும் தூக்காமலே உள்ளே நுழையலாம். தூக்கவேண்டியதாயின் நான்கு புறமும் உறுதியான தாங்குகால்களை நிறுத்தி உந்தை மட்டமாக வைத்தல் வேண்டும். 'சாக்கி' ஒன்றையே நம்பி அடியிற் படுப்பது துணிவன்று, மடமை.

அடுத்துச் சொல்வதை மறவாதிருத்தல் வேண்டும். கூட்டில் இரண்டு அடைப்புகள் உண்டு: மேலது ஊற்றும் வாய், கீழது வடிக்கும் வாய். மேலடைப்பையே முதலில் திறக்கவேண்டும். பல்லாண்டு திறவாத அடைப்பு துருப்பிடித்து இறுகியிருக்கும். 'பானா' வழுக்கி அதன் முனை மழுங்கிவிடுவதும் உண்டு. கீழடைப்பைத் திறந்து எண்ணெயையெல்லாம் வடித்துவிட்டு, மேலடைப்பு திறவாதென்று கண்டால், எண்ணெயற்ற உந்து முற்றத்திலேயே கிடக்கும்; பட்டறைக்கு ஓட்டிச்செல்லவும் ஆகாது. மேலது திறந்த பின்னரே கீழதைத் தொடுக. அடைப்பைச் சுற்றியுள்ள மண்ணை முன்னரே துடைத்துவிடுதலும் வேண்டும். உள்ளே விழும் ஒரு சிட்டிகை மணல் பற்களுக்கு அரமாகும்.

வடியும் எண்ணெயைப் பார்ப்பது வேலையின் பாதி. பழையதாகிக் கறுத்திருந்தால் அது இயல்பு. பால்போல் வெளுத்திருந்தால் நீர் புகுந்துள்ளது. அடைப்பின் உட்புறத்தில் காந்தம் இருப்பின் அதில் சாம்பல் நிறக் குழம்பு ஒட்டியிருக்கும். மென்மையான அக்குழம்பு நாட்பட்ட தேய்மானமே, அஞ்சவேண்டா. விரலில் நெருடும் செதில்களோ பல்லின் துண்டோ இருந்தால் எண்ணெய் மாற்றுவதோடு நிற்றல் கூடாது; கூட்டைத் திறக்கவல்ல கைகளிடம் உந்தை ஒப்படைக்கவேண்டும். பட்டறையில் வடித்த எண்ணெய் உடையவர் காணாமலே போய்விடுகின்றது. அதனோடு இச்செய்தியும் போய்விடுகின்றது.

காந்தத்தைத் துடைத்து, பழைய வட்டையை நீக்கிப் புதியது இட்டு, கீழடைப்பைக் கையேடு கூறும் முறுக்களவில் இறுக்குக. இருசெண்ணெய் தேன்போல் தடித்தது. வைத்தூற்றியால் கீழிருந்து மேலே ஊற்ற இயலாது. பெரிய பீச்சாங்குழலோ கைவிசைக்குழலோ போதும். பொதுவாக ஒரு கூட்டிற்கு ஒன்றரை முதல் மூன்று இலிட்டர் வரை பிடிக்கும். திருத்தமான அளவு கையேட்டில் உள்ளது. மேல்வாயின் விளிம்பிலிருந்து எண்ணெய் மெல்ல வழியத் தொடங்கும்பொழுது அளவு நிறைந்தது. உந்து சாய்ந்து நின்றால் இக்கணக்குப் பிழைக்கும்; மட்டமான தரை என்று முன்னர் வற்புறுத்தியது இதன் பொருட்டே.

மூச்சுக்குழலைப் பலர் அறியார். கூட்டின் மேற்புறத்தில் காற்று போய்வரச் சிறிய வழி உண்டு. ஓடிச் சூடேறிய கூடு ஓடைநீரில் இறங்கியதும் குளிரும். உள்ளிருக்கும் காற்று சுருங்கும். மூச்சுக்குழல் சேற்றால் அடைபட்டிருப்பின், சுருங்கிய கூடு கசிவடைப்பு வளையங்களின் வழியே நீரை உள்ளிழுக்கும். எண்ணெய் மாற்றும் நாளில் இதனையும் ஊதிப் பார்த்தல் நன்று. ஆழநீரைக் கடந்தவர் கெடு வரும்வரை காத்திராமல் உடனே எண்ணெயைப் பார்க்கவேண்டும். மற்றையோர்க்குப் பல கையேடுகள் 40,000 முதல் 80,000 கிலோமீட்டர் வரை கெடு கூறும். மலையிலும் சேற்றிலும் உழைப்பதற்கு அதனினும் குறைவு. "வாழ்நாள் முழுமைக்கும் மாற்றவேண்டா" என்று விற்போர் சிலர் கூறுவதுண்டு. யாருடைய வாழ்நாள் என்று வாங்குவோர் கேட்பதில்லை.

வடித்த எண்ணெயை வேலியோரம் கொட்டுவதும் கறையானுக்கென்று மரத்திற் பூசுவதும் ஊர்தோறும் நடக்கின்றன. இவ்விரண்டும் தவறு. அது மண்ணையும் கிணற்றையும் கெடுக்கும், தோலுக்கும் தீங்கு. 2016-ஆம் ஆண்டின் இந்திய விதிகள் பயன்பட்ட எண்ணெயைக் கேடுதரும் கழிவாகவே வகுத்துள்ளன. மூடிய கலத்தில் சேர்த்துவைத்து, இசைவு பெற்ற மறுசுழற்சியாளர்க்குச் சேருமாறு கொடுத்தல் வேண்டும். தம் முற்றத்தில் வேலை செய்வோர்க்கு அம்முற்றத்து நீரின்மேல் பட்டறைக்காரரினும் மிக்க அக்கறை இருத்தல் இயல்பு.

இவ்வளவும் கையேட்டில் உள்ளனவே. பின்னர் உடையவர் ஏன் செய்வதில்லை? சோம்பல் ஒரு கரணியம். மற்றொன்று, அக்கையேடு பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருப்பது. 1940களின் இறுதியில் மகிந்திரா நிறுவனம் அமெரிக்க வில்லிசு வல்லுந்தைப் பொருத்தி விற்கத் தொடங்கிய நாள்தொட்டு, இம்மலைகளில் அதனை ஓட்டுவோர் மிகப் பலர் தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்தோர். எண்ணெய்க் கலத்தின் மேலெழுத்தும் அவர்க்கு விளங்குவதில்லை. கடைக்காரர் எடுத்துத் தந்ததை வாங்கிச் செல்கின்றனர். நூறு பக்கம் பெயர்க்கவேண்டும் என்பதில்லை. முன்னிருசுக்கு எவ்வெண்ணெய், எத்தனை இலிட்டர், பின்னிருசுக்கு எது, எவ்வளவு, நடுப்பெட்டிக்கு எது, எந்த அடைப்பு முதலில், எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை. இவற்றைத் தமிழில் ஒரு தாளில் அச்சிட்டுப் பொறிமூடியின் உட்புறத்தில் ஒட்டி விற்பதற்கு எந்த நிறுவனத்திற்கும் பெருஞ்செலவாகாது. அதுவரை ஓட்டுநர் சங்கங்களே ஆங்கிலம் அறிந்த மகனையோ மகளையோ கொண்டு அவ்வொரு தாளை எழுதுவித்துப் படியெடுத்துக் கொடுக்கலாம்.