தொட்டிக்குள் இறங்குவோரின் மூச்சுக்காற்று: திருப்பூர் மாவட்ட ஆட்சித்தலைவருக்கு ஒரு திறந்த மடல்



2025ஆம் ஆண்டு மே மாதம், பல்லடத்தை அடுத்த கரைப்புதூரில் சாய ஆலை ஒன்றின் கழிவுத் தொட்டிக்குள் இறங்கிய தொழிலாளர்கள் நச்சுவாயு தாக்கி மாண்டனர். ஆளை இறக்கவே கூடாது என்பதே முதல் விதியாயினும், மீட்புப் பணிக்கேனும் உள்ளே செல்பவர் எந்தக் காற்றைச் சுவாசிப்பது என்ற கேள்வி மிஞ்சி நிற்கிறது.

பருத்தித் துணியில் ரியாக்டிவ் சாயம் ஏறுவதற்காகச் சேர்க்கப்படும் உப்புகளுள் ஒன்று, கிளாபர் உப்பு எனப்படும் சோடியம் சல்பேட். அது கழிவுநீருடன் சென்று காற்றுப் புகாத அடிச்சேற்றில் தங்கும்போது, அங்கு வாழும் நுண்ணுயிரிகள் அதை ஹைட்ரஜன் சல்பைடு வாயுவாக மாற்றுகின்றன. சேற்றைக் கிளறியதும் மொத்தமாக வெளிப்படும் இவ்வாயு, பத்து லட்சத்தில் 100 பங்கு அளவை எட்டும்போது மோப்ப உணர்வையே மரக்கச் செய்வதால், அழுகிய முட்டை நாற்றம் நின்றதைக் கொண்டு ஆபத்து நீங்கியதாக எண்ணுவோர், அளவு மேலும் ஏறும்போது சில மூச்சுகளிலேயே சரிகின்றனர். சென்னை உயர் நீதிமன்றத்தின் 2011ஆம் ஆண்டு ஆணைக்குப் பின் நொய்யல் ஆற்றுக்குப் போகாமல் தடுக்கப்பட்ட கழிவு தொட்டிகளில்தான் தேங்குகிறது என்பதையும் இங்கே நினைக்க வேண்டும்.

இந்நிலையில் வெல்டிங் பட்டறையின் ஆக்சிஜன் சிலிண்டரைத் தொட்டிக்குள் திறந்துவிடலாம் என்ற யோசனை எழுவது இயல்பு. அது பெரும் பிழை. காற்றில் ஏறத்தாழ 21 சதவீதமாக உள்ள ஆக்சிஜன் 23.5 சதவீதத்தைத் தாண்டினாலே தீ அபாயம் மிகுவதாகக் கொள்ளப்படுகிறது. ஆக்சிஜன் ஊறிய பனியன் துணி ஒரு பொறியில் குபீரெனப் பற்றும். தொட்டியிலோ மீத்தேனும் இருக்கக்கூடும். தீயணைப்பு வீரர் முதுகில் சுமப்பது ஆக்சிஜன் அன்று, உயர் அழுத்தத்தில் அடைத்த சுத்தமான சாதாரணக் காற்றே.

அந்தச் சுத்தம்தான் எளிதில் கெடுகிறது. பின்னலாடை நிறுவனங்களில் துணிமேல் ஒட்டிய பஞ்சை ஊதித்தள்ளும் கம்ப்ரசரிலிருந்து குழாய் இழுத்துச் சுவாசிக்க முற்பட்டால் எண்ணெய்ப் பிசிறும் கூடவே வரும்; காற்று உறிஞ்சும் வாய்க்கு அருகில் ஜெனரேட்டர் ஓடினால் கார்பன் மோனாக்சைடும் நாற்றமின்றி நுழையும்.

வெளிவிட்ட மூச்சையே சோடா சுண்ணாம்பு வழியே செலுத்திக் கரியமில வாயுவை நீக்கி, குறைந்த ஆக்சிஜனை மட்டும் ஈடுசெய்யும் மூடிய சுற்றுக் கருவிகளை முக்குளிப்போரும் சுரங்க மீட்புக் குழுவினரும் பயன்படுத்துகின்றனர். இவற்றில் ஆக்சிஜனின் தரம் இன்னும் நுட்பமானது. மருத்துவமனைகளில் காற்றிலிருந்து பிரித்தெடுக்கும் நிலையங்கள் தரும் ஆக்சிஜன் 93 சதவீத அளவினது. எஞ்சியதில் பெரும்பகுதியான ஆர்கான் நோயாளியின் மூச்சோடு வெளியேறிவிடும், மூடிய சுற்றிலோ வெளியேற வழியின்றிச் சேர்ந்து, சுவாசிப்பவர் உணராமலேயே ஆக்சிஜனின் பங்கைக் குறைத்துவிடும். ஆகவே நோயாளிக்கு உகந்தது இக்கருவிக்கும் உகந்தது என்று கொள்ள இயலாது.

1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 36ஆம் பிரிவு, சுவாசக் கருவியையும் மறுமுனையை வெளியில் நிற்பவர் பிடித்திருக்கும் கயிற்றையும் அன்றே வலியுறுத்தியது. சாயக் கழிவுநீர்ப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள்தோறும் பரிசோதிக்கப்பட்ட மூச்சுக்காற்றை நிரப்பும் வசதி ஏற்பட வேண்டும் என்றும், சோதனைத் தேதி எழுதிய அட்டை தொங்காத சிலிண்டரோடு எவரும் தொட்டியை அணுகக் கூடாது என்றும், தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தையும் தீயணைப்புத் துறையையும் கலந்து ஆணையிடுமாறு இம்மடல் வேண்டுகிறது.