அக்கரைக் காய்ச்சலும் இக்கரைக் கடமையும்



நாட்டெல்லையைக் காக்கப் படையுண்டு, கப்பலுண்டு, சுங்கச் சாவடியுண்டு. ஆனால், கொசுவைத் தடுத்து நிறுத்திச் சீட்டெங்கே என்று கேட்கும் காவலன் எந்த நாட்டிலும் இல்லை!

இலங்கையைப் பாருங்கள். 1934-35ஆம் ஆண்டுகளில் மலேரியா அத்தீவில் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் குடித்தது. பின்னர் டி.டி.டி. தெளித்தனர், இரத்தம் சோதித்தனர், 1963இல் நோயுற்றோர் தீவு முழுவதிலும் 17 பேர் மட்டுமே! வென்றோம் என்று எண்ணினர், தெளிப்பை நிறுத்தினர், கண்காணிப்பைத் தளர்த்தினர். விளைவு? 1969இல் மட்டும் ஐந்து இலட்சத்திற்கு மேற்பட்டோர் காய்ச்சலில் வீழ்ந்தனர்.

மீண்டும் போராடினர். உள்நாட்டுப் போர் மூண்டிருந்த ஆண்டுகளிலும் வடக்கிலும் கிழக்கிலும் மலேரியா ஒழிப்புப் பணி தொடர்ந்தது. 2012 அக்டோபரோடு உள்ளூர்த் தொற்று ஓய்ந்தது. 2016 செப்டம்பரில் மலேரியா அற்ற நாடென உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது.

அவ்வாண்டு முடிவதற்குள் மன்னாரில் புதியதொரு கொசு காணப்பட்டது. எது அது? நம் சென்னையிலே கிணற்றிலும் மாடித் தொட்டியிலும் வளர்ந்து, நகர மலேரியாவைப் பரப்பும் அதே இனம்!

“அவர் நோய் அவர் பாடு, நம் நோய் நம் பாடு” என்பாரும் உளர். நம் தொட்டியை மூடாதவரை அவர் வெற்றிக்கு ஆபத்து. அவர் விழிப்புத் தளர்ந்தால் நமக்கும் ஆபத்து. இதிலே அவர் பாடு எது, நம் பாடு எது?

2014இல் காத்மாண்டுவில் கூடிய பின், ‘சார்க்’ உச்சி மாநாடு கூடவேயில்லை. ஆனால், கொரோனா அச்சுறுத்தியதும் 2020 மார்ச் 15ஆம் நாள் அந்நாடுகளின் பிரதிநிதிகள் காணொலியில் ஒன்றாய் அமர்ந்தனர். அவசர நிதிக்கு ஒரு கோடி டாலர் தருவதாக இந்தியா அறிவித்தது. மரண பயம் சேர்த்துவைத்தவர்களை மனிதநேயம் சேர்த்துவைக்கக் கூடாதா?

நாம் கேட்பது பெரிதன்று. நோய்க் கணக்கை அண்டை நாடுகள் வாரந்தோறும் பரிமாறட்டும். கடல் கடந்து வருவோருக்குக் காய்ச்சல் கண்டால், மறுகரைக்கு அன்றே செய்தி செல்லட்டும். மருந்தும் மருத்துவ அறிவும் அரசியல் பூசலுக்காகக் காத்திராமல் செல்லட்டும். போர்க்காலத்திலும் நிற்காத பணி, அமைதிக் காலத்தில் நிற்கலாமா?

டெல்லியிடமும் கொழும்பிடமும் இதை நாம் வலியுறுத்துவோம். அதற்குமுன், தோழர்களே, உங்கள் தெருவிலே திறந்து கிடக்கும் தொட்டியை மூடுங்கள். அண்டை நாட்டு நட்பு அங்கிருந்தும் தொடங்கும்!