ஓடவில்லை என்பது விதியா?

“ஓடவில்லை!”

ஒற்றைச் சொல். அதைச் சொல்லிவிட்டால் வழக்கு முடிந்தது, மேல்முறையீட்டுக்கும் இடமில்லை. படம் எப்படி? ஓடவில்லை. கதை என்ன? ஓடவில்லை. நீ பார்த்தாயா? ஓடவில்லையே, எப்படிப் பார்ப்பது! கேள்வி எதுவாயினும் விடை ஒன்றே என்னும் இந்த விந்தையை வேறெங்கே கேட்டிருக்கிறோம் என்று எண்ணிப் பார்த்தேன். உழுதவன் ஏன் பட்டினி கிடக்கிறான்? தலையெழுத்து. கணவனை இழந்தவள் ஏன் மூலையிலே முடங்கிக் கிடக்கிறாள்? தலையெழுத்து. அந்த விடையைக் கேட்டால் நாம் பொங்கி எழுகிறோம். எழுதியவன் எவன், எந்தக் கோல் கொண்டு எழுதினான், எழுதுகையில் பக்கத்திலே நின்று பார்த்தவன் எவன் என்று மேடையேறி முழங்குகிறோம். ஆனால் வெள்ளிக்கிழமை பிறந்து திங்கட்கிழமை சாகிறதே திரைப்படம், அதன் நெற்றியில் “ஓடவில்லை” என்று எழுதிவிட்டால் மட்டும், எழுதியவன் எவன் என்று கேட்பதில்லை! பகுத்தறிவு என்ன, கொட்டகை வாசலிலே செருப்போடு கழற்றி வைத்துவிட்டுப் போகிற பொருளா?

எழுதுகிறவர்கள் உண்டு, தோழர்களே! அவர்கள் வானுலகத்தார் அல்லர்; முகவரி உள்ளவர்கள். ஒரு படம் முடிந்ததும் அதற்கு எத்தனை கொட்டகை, எந்தக் காட்சி, விளம்பரத்துக்கு எவ்வளவு பணம், அதே நாளில் எதிரே வந்து நிற்கும் பெரிய நடிகரின் படம் எது என்பவை அனைத்தும், நாட்டு மக்களில் ஒருவர்கூட அந்தப் படத்தைப் பார்ப்பதற்கு முன்பே முடிவாகிவிடுகின்றன. முதல் மூன்று நாள் வசூல் மெலிந்தால் நான்காம் நாள் மாலைக்காட்சி பறிபோகிறது. நன்றாயிருக்கிறதாம் என்ற செய்தி செவிவழியாகப் பரவி, நாலுபேர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பும்போது கொட்டகையில் வேறு படம்! இதற்குப் பெயர் மக்கள் தீர்ப்பாம். வாக்குச்சாவடியைக் காலை எட்டு மணிக்குத் திறந்து எட்டரைக்கு மூடிவிட்டு, மக்கள் வாக்களிக்க வரவில்லை என்று அறிவித்தால் ஒப்புவோமா?

சான்று தேடிச் சென்னைக்குப் போக வேண்டியதில்லை. நான் பாடம் சொல்லிக் கொடுக்கும் கெங்குவார்பட்டி, வத்தலக்குண்டிலிருந்து பெரியகுளம் செல்லும் சாலையில், கொடைக்கானல் மலையின் காலடியில் கிடக்கும் ஊர். தேனியைத் தாண்டினால் கம்பம் பள்ளத்தாக்கு. போடி, தேவாரம், கோம்பை, கம்பம் என்று வரிசையாக ஊர்கள். அவற்றுக்கு மேலே மலை. மலைக்கு அப்பால் ஏலத்தோட்டங்கள். விடியுமுன்னே ஜீப்புகளில் அடைபட்டு மலையேறி, இருட்டிய பின்னே இறங்கிவரும் மக்களின் வியர்வைதான் போடியிலே ஏலக்காயாக ஏலம் போகிறது. இந்த மக்களைப் பற்றி ஒரு படம் வந்தது. பெயர், ‘மேற்குத் தொடர்ச்சி மலை’. இயக்கியவர் லெனின் பாரதி. 2018 ஆகஸ்ட் 24-இல் வெளிவந்தது. விஜய் சேதுபதி பணம் போட்டார். ஆனால் தம் முகத்தைக் காட்டவில்லை. படம்பிடித்தவர் தேனி ஈஸ்வர். இசை இளையராஜா, அவர் பிறந்த பண்ணைப்புரமே அந்த மலையடிவாரந்தான்.

வகுப்பிலே கேட்டேன், இந்தப் படத்தைப் பார்த்தவர் எத்தனை பேர் என்று. நாற்பது பிள்ளைகளில் ஒரு கை உயரவில்லை. அண்மையில் வந்த பெருநடிகர் படத்தில் கதாநாயகன் எத்தனை பேரை அடித்து வீழ்த்தினான் என்று கேட்டிருந்தால், கணக்குப் பாடத்தில் காணாத துல்லியத்தோடு விடை வந்திருக்கும்! இதைத் தேநீர்க்கடையில் சொன்னபோது உடன் பணிபுரியும் மூத்த ஆசிரியர் சிரித்தார். “அது ஓடாத படமாச்சே தம்பி! அதப் போயி பிள்ளைகள்ட்ட கேக்கிறீங்களே” என்றார். படித்தவர், பண்பாளர், நல்ல நூல்களைத் தேடிப் படிப்பவர். அவர் வாயிலும் அதே சொல்.

என்ன இருக்கிறது அந்தப் படத்தில்? ரங்கசாமி என்றொருவன். மலைக்கு மேலே சாலை இல்லாத காலம். ஏலக்காய் மூட்டையை முதுகில் சுமந்து, மழையிலும் பனியிலும் ஒற்றையடிப் பாதையில் இறங்குவது அவன் பிழைப்பு. அவனுக்கு ஓர் ஆசை. மாளிகை மீதோ மகுடத்தின் மீதோ அல்ல, கையகல நிலத்தின் மீது. காசு சேர்க்கிறான். வாங்கப் போகையில் தடை. மறுபடி சேர்க்கிறான். தன் காசு போட்டு வாங்கிய ஏலக்காய் மூட்டை மலைச்சரிவில் தவறி விழுந்து சிதறுகிறது. அந்த இடத்தில் கதறல் இல்லை, கடவுளை நோக்கிய வசனம் இல்லை, மின்னலும் இடியும் இல்லை. ஒரு மனிதனின் பல ஆண்டு உழைப்பு உருண்டு போவதைக் கண்ணால் பார்க்கிறோம், அவ்வளவுதான். நம் படங்களில் ஏழையின் துன்பம் எப்போதும் அடுக்குமொழியில் பேசப்பட்டது. அதைக் கேட்டுக் கைதட்டிய தலைமுறைகள் நாம். இங்கே அது பேசாமல் நடந்து காட்டப்படுகிறது. மூச்சு முட்டினாலும் முதுகுச் சுமையை இறக்கி வைக்க மறுக்கும் ஒரு கிழவர் வருகிறார். உழைப்பின் பெருமை பற்றி நான் வகுப்பில் ஆற்றிய சொற்பொழிவுகளையெல்லாம் அந்தக் கிழவருக்குக் காணிக்கையாக்கலாம்.

பின்னர் சாலை வருகிறது. முன்னேற்றம் என்கிறோமே, அது வருகிறது. சங்கம் உடைகிறது. நிலம் கிடைத்தவனுக்கு விதைக்கும் உரத்துக்கும் கடன் வருகிறது. ரங்கசாமியின் நிலத்தில் இறுதியில் நிற்பது காற்றாலை! அதன் அடியில் காவலுக்கு உட்கார்ந்திருப்பவன் யார் என்பதைப் படத்திலேயே பாருங்கள். தேனி மாவட்டத்துச் சாலைகளில் பேருந்து சன்னலோரம் அமர்ந்து காற்றாலைகளைக் கண்டு வியந்தவன் நான். அப்படத்தைப் பார்த்த பிறகு ஒவ்வொரு காற்றாலைக்கடியிலும் ஒரு பட்டா கண்ணுக்குத் தெரிகிறது.

இப்படம் “ஓடவில்லை” என்றால், குறை ரங்கசாமியின் காலிலா இருக்கிறது?

இதைவிட விந்தை ஒன்று கேளுங்கள். மூடநம்பிக்கையை முச்சந்தியில் நிறுத்தித் தோலுரித்துக் காட்டும் படம் ஒன்று தமிழில் உண்டு. ‘அக்கிரகாரத்தில் கழுதை’. 1977-இல் எடுக்கப்பட்டது. இயக்குநர் ஜான் ஆபிரகாம், கேரளத்துக்காரர். கதை எளிது. நாராயணசாமி என்ற கல்லூரிப் பேராசிரியர், தாயைப் பறிகொடுத்த கழுதைக்குட்டி ஒன்றை வளர்க்கிறார். கல்லூரியில் ஏளனம். அக்கிரகாரத்திலுள்ள தம் வீட்டுக்குக் கொண்டுபோய், உமா என்னும் வாய் பேச இயலாத வேலைக்காரப் பெண்ணிடம் ஒப்படைக்கிறார். ஊரில் எது கெட்டாலும் பழி கழுதைமீது. உமா பெற்ற குழந்தை செத்துப் பிறக்கிறது. அவ்வுடல் கோயில் முன்பு கிடக்கிறது. அதற்கும் கழுதையே காரணமாம்! அடித்துக் கொன்றுவிடுகிறார்கள். கொன்ற பிறகு ஊரில் நல்லது சில நடக்கின்றன. உடனே கழுதை தெய்வமாகிறது. அடித்த கைகளே கும்பிடுகின்றன. தெய்வங்கள் எப்படிப் பிறக்கின்றன என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொன்ன தமிழ்ப்படத்தை நான் கண்டதில்லை.

அந்தப் பேராசிரியராக நடித்தவர், இசையமைப்பாளர் எம். பி. சீனிவாசன். நடிகரல்லாத அவருடைய தயக்கமே அந்தப் பாத்திரத்துக்கு உயிர். தமிழில் சிறந்த படம் என்று தேசிய விருது பெற்றது. கிடைத்த மதிப்பு என்ன? கொட்டகைகள் கதவு திறக்கவில்லை. அரசுத் தொலைக்காட்சியில் 1989-இல் திட்டமிடப்பட்ட ஒளிபரப்பும் கைவிடப்பட்டது. பழமையாளர்கள் எதிர்த்தால் வியப்பில்லை. அது அவர்கள் தொழில். என் கேள்வி நம்மைப் பார்த்து. ‘பராசக்தி’யின் நீதிமன்ற வசனத்தை மனப்பாடமாக ஒப்பிக்கும் நம் இளைஞருள், இப்படத்தின் பெயரை அறிந்தவர் எத்தனை பேர்? 1952-இல் வந்த வசனத்தை இன்றைக்கும் ஒப்பிப்பது பெருமைதான். ஒப்பிப்பதோடு நிறுத்திக்கொண்டால், அதற்கும் மந்திரத்துக்கும் என்ன வேறுபாடு?

குறையே இல்லாத படம் என்று சொல்ல மாட்டேன். ஒலி சரியில்லாத இடங்கள் உண்டு. நடை தளர்ந்து, பார்ப்பவர் பொறுமையைச் சோதிக்கும் பகுதிகள் உண்டு. ஓடாததெல்லாம் உயர்ந்தது என்று வாதாட வந்தவனல்லன் நான். ஓடாதவற்றுள் பெரும்பாலானவை ஓடாமலிருந்ததே நாட்டுக்கு நன்மை! பார்த்துவிட்டுத் தள்ளுங்கள் என்பதே என் வேண்டுகோள். பார்க்காமலே தள்ளுவதற்குப் பெயர் தீண்டாமை.

‘அந்த நாள்’ படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1954. ஏ.வி.எம். தயாரிப்பு. பாட்டு இல்லை, கூத்து இல்லை, சண்டையும் இல்லை. இயக்கியவர் எஸ். பாலசந்தர், வீணை வித்துவான் பாட்டே இல்லாத படம் எடுத்த வேடிக்கையை எண்ணி நான் சிரித்ததுண்டு. சென்னைமீது ஜப்பானியர் குண்டு வீசிய 1943-ஆம் ஆண்டுப் பின்னணி. தொடக்கத்திலேயே கொலை; செத்துக் கிடப்பவர் கதாநாயகரான சிவாஜி கணேசன்! கொன்றது யார்? ஒவ்வொருவரும் ஒவ்வொரு கதை சொல்ல, துப்பறிவோர் சான்று தேடுகிறார்கள். சொன்னவர் பெரியவர் என்பதற்காக நம்பாதே, சான்றைக் கேள் என்று நாம் கூட்டம் போட்டுச் சொல்வதை, அந்தப் படம் இரண்டுமணி நேரம் நம்மைச் செய்யவே வைக்கிறது. விருதுச் சான்றிதழ் கிடைத்தது; வசூல் கிடைக்கவில்லை.

ஜெயகாந்தன் தம் கதையைத் தாமே இயக்கிய ‘உன்னைப்போல் ஒருவன்’ 1965-இல் வந்தது. குடிசைப்பகுதித் தாய் ஒருத்தி, அவள் மகன், அவர்களிடையே வந்து நிற்கும் ஒரு மனிதன். ஒழுக்கத்தைப் பற்றி உபதேசம் செய்யாமல் ஏழைப் பெண்ணை மனுஷியாகக் காட்டிய படம். அதற்கும் தேசிய அளவில் சான்றிதழ். அதற்கும் கொட்டகையில் வறட்சி. “அவர் நம்மை ஏசியவராயிற்றே!” என்று முணுமுணுப்போர் உண்டு. ஆம், ஏசினார், காரசாரமாகவே ஏசினார். அதனால் என்ன? ஏசியவனின் எழுத்திலும் உண்மை இருந்தால் எடுத்துக்கொள்பவன்தானே பகுத்தறிவாளன்? பெரிய நடிகர்கள் இருந்தால் பிழைத்திருக்கும் என்பார் சிலர். ருத்ரையாவின் ‘அவள் அப்படித்தான்’ 1978-இல் வந்தது. கமல்ஹாசன், ரஜினிகாந்த் இருவருமே இருந்தார்கள். தன் விருப்பப்படி வாழ நினைக்கும் பெண்ணைத் திரையில் கண்டதும் கொட்டகை நெளிந்தது.

கட்-அவுட்டுக்குப் பாலூற்றுவோரைக் கண்டித்து எழுத நான் வரவில்லை. அது எல்லோரும் எழுதியாயிற்று. கல்லுக்கு ஊற்றினால் மூடத்தனம், அட்டைக்கு ஊற்றினால் அன்பு என்று இரண்டு தராசு வைத்திருப்போரைத் திருத்துவது நெடுநாள் வேலை. என் வழக்கு, பாலூற்றாத நம்மோடு. இன்று இப்படங்களுள் பலவற்றைக் கைப்பேசியிலேயே பார்க்கலாம். ‘அந்த நாள்’ இணையத்தில் இருக்கிறது, கழுதையும் இருக்கிறது. கொட்டகை முதலாளி குறுக்கே நிற்கவில்லை. நிற்பது அந்தச் சொல் மட்டுமே.

சின்னமனூரில் பிறந்து, எங்கள் பக்கத்து வத்தலக்குண்டில் வளர்ந்த சி. சு. செல்லப்பா 1959-இல் ‘எழுத்து’ இதழைத் தொடங்கினார். சிலநூறு பேர் படித்த ஏடு. தமிழ்ப் புதுக்கவிதை அதில்தான் வேர்விட்டது. விற்காத புத்தகங்களை மூட்டையாகச் சுமந்து கல்லூரி கல்லூரியாக ஏறி இறங்கினார் அவர். அவர் கொள்கை வேறு, நம் கொள்கை வேறு. முதுகில் சுமந்த சுமையை மதிக்கிறேன். ஜான் ஆபிரகாமும் அவ்வாறே. 1984-இல் நண்பர்களோடு ‘ஒடேசா’ என்ற குழுவை அமைத்து, ஊர் ஊராகச் சென்று மக்களிடமே காசு திரட்டி ‘அம்ம அறியான்’ என்னும் மலையாளப் படத்தை 1986-இல் எடுத்தார்; எடுத்த படத்தை மக்களிடமே கொண்டுபோய்க் காட்டினார்கள். மறு ஆண்டே அவர் இறந்துபோனார்.

மலைக்கு அந்தப்புறத்தில் நடந்தது இந்தப்புறத்தில் நடக்கக் கூடாதா? ஊருக்கு ஊர் படிப்பகம் கண்டவர்கள் நாம். நாளேடு வாங்கவும் வழியில்லாதவனுக்கு ஒருவர் உரக்கப் படிக்க, பத்துப்பேர் சுற்றி நின்று கேட்ட இடங்கள் அவை. பல இன்று பூட்டிக் கிடக்கின்றன. சிலவற்றில் கேரம் பலகை மட்டும் இருக்கிறது. மாதம் ஒரு சனிக்கிழமை இரவு, அங்கே ஒரு படம். முதலில் ‘மேற்குத் தொடர்ச்சி மலை’. ஏலத்தோட்டத்துக்குப் போய் வந்தவர்களை முன்வரிசையில் உட்கார வைப்போம், படம் முடிந்ததும் அவர்களே முதலில் பேசட்டும், தவறாகக் காட்டியிருந்தால் தவறு என்று சொல்லட்டும். அடுத்த மாதம் கழுதை. தேவைப்படுபவை: சுண்ணாம்பு அடித்த சுவர் ஒன்று, வாடகைக்கு ஒரு புரொஜெக்டர், படத்தின் உரிமையாளருக்கு அனுமதி கேட்டு ஒரு கடிதம், விளக்கைப் போட்டவுடன் எழுந்து ஓடாமல் அரைமணி நேரம் உட்கார்ந்து விவாதிக்க முப்பது பேர். சுவருக்கும் கடிதத்துக்கும் நான் பொறுப்பு.