பத்துக் கூடுகளை ஒதுக்கி வையுங்கள்

பட்டு வளர்க்கும் நண்பர்களே, கூட்டைத் துளைத்துக்கொண்டு அந்துப்பூச்சி வெளிவருவதை உங்களில் எத்தனை பேர் பார்த்திருக்கிறீர்கள்? அதற்கு முன்பே அறுவடை செய்து அங்காடிக்கு அனுப்பிவிடுகிறோம். பூச்சி துளைத்த கூட்டுக்கு விலை இல்லை, நியாயம்தான். ஆனாலும் பத்துக் கூடுகளையும், அதற்கு முன்பே ஐம்பது புழுக்களையும் உங்கள் ஊர்ப் பள்ளியின் மாற்றுத்திறன் மாணவர்களுக்குக் கொடுங்கள்.

பாடப்புத்தகத்தில் முட்டை, புழு, கூடு, பூச்சி என நான்கு படங்கள், நடுவே அம்புக்குறிகள். பார்வையற்ற குழந்தைக்கு அவற்றால் என்ன பயன்? அறிவுசார் குறைபாடுள்ள குழந்தைக்கு, புழுவும் பூச்சியும் ஒரே உயிர் என்பதை அம்புக்குறி புரியவைக்காது. தினமும் தன் கையால் தழை போட்ட புழு கூடு கட்டினால் புரியும்.

இதற்குப் பட்டுப்புழுவைப் போல் ஏற்ற உயிர் வேறில்லை. கடிக்காது, சுணை இல்லை, தட்டை விட்டு ஓடாது. ஐந்தாம் பருவத்தில் அது இலை தின்னும் ஓசையைக் காதால் கேட்கலாம். தோலுரிப்பின்போது ஓசை நின்றுவிடும். அப்போது தொடக் கூடாது. கூட்டை ஆட்டினால் உள்ளே கூட்டுப்புழு அசைவது தெரியும். வெளிவரும் பூச்சி பறக்காது, உள்ளங்கையிலேயே சிறகடிக்கும். சக்கர நாற்காலியில் இருக்கும் பிள்ளையின் மடியிலும் தட்டை வைக்கலாம்.

"வெளியாட்கள் வந்தால் மனைக்குள் நோய் புகுமே" என்பீர்கள். சரியான அச்சம். பிள்ளைகள் மனைக்கு வர வேண்டாம்; தட்டு பள்ளிக்குப் போகட்டும். போன புழுவும் தட்டும் திரும்பி வரவே கூடாது. மருந்து தெளிக்காத மல்பெரி இலையை நீங்களே கொடுத்தனுப்புங்கள். தொடும் முன்பும் பின்பும் பிள்ளைகள் கை கழுவட்டும்.

களப்பணியாளர்களுக்கு ஒரு வார்த்தை. வெண்பட்டு ரகப் பூச்சி இடும் முட்டை உடனே பொரியாது. ஆகவே பொரிக்கத் தயாரான முட்டை கொஞ்சத்தை இளம்புழு வளர்ப்பு மையத்தில் கேட்டு வாங்கிக் கொடுங்கள். வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியரிடம் முன்கூட்டியே பேசி, விடுமுறை குறுக்கிடாத நாட்களைத் தேர்ந்தெடுங்கள்.

எல்லாப் பிள்ளைகளையும் ஒன்றாக உட்காரவைத்துக் கற்பிக்கச் சொல்கிறது 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். உட்கார இடம் கொடுத்தால் மட்டும் போதாது. கையில் பாடமும் வேண்டும். அது உங்கள் மனையில் இருக்கிறது. அடுத்த புழு இறக்குவதற்குள் பள்ளிக்கு ஒருமுறை போய்வாருங்கள்.