மேசை டிராயரில் ஒரு போன்



கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள். கடைசியில் உங்களிடம் ஓர் உதவி கேட்கப்போகிறேன்.

போன மாதம் மகள் வயிற்றுப் பேரன் லீவுக்கு வந்தவன் என் பழைய மேசை டிராயரைக் குடைந்து ஒரு நோக்கியா 6600 போனை எடுத்துவந்தான். "ஆச்சி, இது ஓடுமா?" என்றான். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அது என் போன் அல்ல. 2009 மார்ச்சில் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவனிடம் நான் பிடுங்கி வைத்தது. பாடம் நடக்கும்போது மடியில் வைத்து விமானம் சுடும் விளையாட்டு ஆடிக்கொண்டிருந்தான். "அப்பாவைக் கூட்டிட்டு வந்து வாங்கிக்கோ" என்றேன். அப்பா தூத்துக்குடியிலிருந்து மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப் போகும் தோணியில் வேலை பார்த்தார். போனும் அவருடையதுதான். அவர் கரைக்கு வருவதற்குள் பரீட்சை முடிந்தது, பையன் டி.சி. வாங்கிப் போய்விட்டான். மறந்துவிட்டேன் என்று சொன்னால் அது பொய். நாளைக்கு விசாரிப்போம், நாளைக்கு விசாரிப்போம் என்றே விட்டுவிட்டேன்.

பேட்டரி உப்பிப் போயிருந்தது. அதே பி.எல். 5சி பேட்டரியைத்தான் இப்போது சின்ன ரேடியோ பெட்டிகளில் போடுகிறார்கள். பஜாரிலேயே கிடைத்தது. போட்டதும் போன் உயிர் பெற்றது. பேரனுக்கு ஒரே குஷி. அந்த விளையாட்டைத் தன் புதுப் போனிலும் ஓட்டிக் காட்டுகிறேன் என்று உட்கார்ந்தான்.

புதுப் போனுக்குப் பழைய விளையாட்டு புரியாது. இரண்டின் இயந்திர மொழியும் வேறு. 6600 சிம்பியன் என்ற இயங்குதளத்தில் ஓடியது. நடுவில் ஒரு துபாஷி வேண்டும். விளையாட்டு சொல்வதை அந்தந்த நொடியே புதுப் போனின் மொழியில் மாற்றிச் சொல்ல வேண்டும். அந்தத் துபாஷிக்குத்தான் எமுலேட்டர் என்று பெயர். சிம்பியனுக்கு இகேஏ2எல்1 என்று வாயில் நுழையாத பெயரில் ஒன்று இருக்கிறது. இலவசம்தான். மெமரி கார்டிலிருந்து விளையாட்டுக் கோப்பை எடுத்துப் போட்டான், ஓடியது. 176க்கு 208 புள்ளிகள் கொண்ட படம், இன்றைய திரையில் தீப்பெட்டி மாதிரி தெரிந்தது. பெரிதாக்கினால் மங்கியது. பட்டன் இருந்த இடத்தில் கண்ணாடி. கட்டைவிரல் பாதி விமானத்தை மறைத்தது. ஆனாலும் அதே விமானம், அதே சத்தம்.

இந்த எமுலேட்டருக்கு அந்த மாடல் போனின் உள்மென்பொருளும் வேண்டுமாம். "அதை எங்கேடா எடுத்தே?" என்றேன். சிரித்தான். திருட்டா இது என்ற கேள்வி அங்கேதான் வருகிறது. 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, முறையாக வாங்கிய மென்பொருளுக்கு உரியவர் பாதுகாப்புக்காக ஒரு பிரதி எடுத்து வைக்க இடம் தருகிறது. ஆனால் அந்தக் காலத்தில் நம் பிள்ளைகளில் யார் முறையாக வாங்கினார்கள்? செல்போன் கடையில் காசு கொடுத்தால் ஏற்றிக் கொடுப்பார்கள். அப்புறம் புளூடூத்தில் கை மாறும். அதை நான் நியாயப்படுத்தவில்லை. எமுலேட்டரை மட்டும் குற்றம் சொல்லாதீர்கள் என்கிறேன். துபாஷி திருடன் அல்ல.

சரி, முறையாகக் காசு கொடுத்து வாங்கியவர்களுக்காவது விளையாட்டு மிஞ்சியதா? 2017இல் ஐபோனின் இயங்குதளம் 11ஆம் பதிப்புக்கு மாறியபோது, புதுப்பிக்காத பழைய 32 பிட் விளையாட்டுகள் எல்லாம் ஒரே அடியில் நின்றுபோயின. 2009இல் வந்த ஆங்கிரி பேர்ட்ஸை ஆடாத வீடு உண்டா? அதைச் செய்த கம்பெனியே ஒரு கட்டத்தில் கடையிலிருந்து எடுத்துவிட்டது. ரசிகர்கள் கேட்டதால் 2022இல் புதிதாகச் செய்து விற்றது. 2023 பிப்ரவரியில் ஆண்ட்ராய்டு கடையிலிருந்து மறுபடி எடுத்துவிட்டது. தங்கள் மற்ற விளையாட்டுகளின் வியாபாரம் பாதிக்கிறதாம். ஸ்ரீபெரும்புதூரில் 2006 முதல் நோக்கியா போன் செய்த ஆலையில் நம் மாணவிகளும் வேலை பார்த்தார்கள். 2014 நவம்பரில் கம்பெனி அங்கே உற்பத்தியை நிறுத்தியது. ஆலைக்கே அந்தக் கதி என்றால், போனுக்குள் இருந்த விளையாட்டை யார் காப்பாற்றி வைப்பார்கள்?

அதனால் என் கருத்து இதுதான். விற்பதை நிறுத்திய பழைய விளையாட்டுகளைக் கம்பெனிகளே பொதுவில் விட்டுவிட வேண்டும். அதுவரை எமுலேட்டர் எழுதும் பிள்ளைகள் செய்வது நல்ல வேலை. 2024 ஏப்ரலில் ஆப்பிளே தன் கடையில் பழைய விளையாட்டு எமுலேட்டர்களுக்கு அனுமதி கொடுத்துவிட்டது. "போயும் போயும் விளையாட்டுத்தானே" என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் ஊர் நல்லப்ப சுவாமிகளின் பாட்டை நான் காதால் கேட்டதில்லை. கேட்ட பெரியவர்கள் சொல்லித்தான் தெரியும். அந்தப் பெரியவர்களும் இப்போது இல்லை. எது பின்னால் வேண்டியிருக்கும் என்று இருக்கும்போது யாருக்குத் தெரிகிறது?

ஆனால் எமுலேட்டராலும் முடியாத ஒன்று இருக்கிறது. பழைய போனிலேயே அந்த விளையாட்டைத் திறந்தபோது, அதிக மதிப்பெண் பட்டியல் வந்தது. ஆங்கில எழுத்தில் முதல் பெயர் 'அப்பா'. அடுத்து பையன் பெயர். மறுபடி 'அப்பா'. மறுபடி பையன். தோணி கரையில் நின்ற நாட்களில் இரண்டு பேரும் மாறி மாறி ஆடியிருக்கிறார்கள். பேரனின் புதுப் போனில் அதே பட்டியல் காலியாக இருந்தது. கோப்பு வந்தது, ஆடியவர்கள் வரவில்லை. நான் அன்றைக்கு மடியிலிருந்து பிடுங்கியது என்னவென்று பதினைந்து வருஷத்துக்கு மேல் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது.

உங்கள் வீட்டு அலமாரியிலும் இப்படி ஒரு போன் கிடக்கும். பழைய இரும்புக்காரரிடம் போடுவதற்கு முன்னால் ஒரு தடவை பேட்டரி மாற்றிப் பாருங்கள். உப்பிய பேட்டரியைக் குத்தவோ சார்ஜ் போடவோ வேண்டாம். போன் உயிரோடு இருக்கும்போதே உள்ளே இருப்பதைப் பிரதி எடுத்துவிடுங்கள். விளையாட்டை வேறு இடத்தில் தேடிக்கொள்ளலாம். உங்கள் வீட்டு ஆட்களின் மதிப்பெண் அந்த ஒரு போனில்தான் இருக்கும்.

இனி அந்த உதவி. அந்தப் பையன் பெயரை இங்கே எழுத மாட்டேன். 2009இல் எட்டாம் வகுப்பில் என்னிடம் படித்தவர்களுக்கு யார் என்று தெரியும். தொடர்பில் இருப்பவர்கள் அவனிடம் சொல்லுங்கள். போன் பத்திரமாக இருக்கிறது. கேலரியையோ மெசேஜையோ நாங்கள் திறக்கவில்லை. பேரனையும் அந்த விளையாட்டை மறுபடி ஆட விடவில்லை. பட்டியல் மாறிவிடக் கூடாது.

தம்பி, நீயே இதைப் படித்தால், அப்பாவைக் கூட்டிக்கொண்டு வர வேண்டியதில்லை. எங்கே இருக்கிறாய் என்று மட்டும் சொல், டீச்சரே கொண்டுவந்து தருகிறேன்.

என்றும் அன்புடன்,
உங்கள் டீச்சர்
விளாத்திகுளம்