காருக்கு வீரிய லேகியம் வேண்டுமா?

மாம்பலத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். வாங்கி இரண்டு வருஷம்கூட ஆகாத டர்போ பெட்ரோல் கார். மாதம் ஒரு தடவை உத்திரமேரூர்ப் பக்கத்துக் கிராமத்திலுள்ள மாமியாரைப் பார்க்கக் குடும்பத்தோடு போகிறார்கள். வழியில் கல் ஏற்றிய டிப்பர் லாரிகளைத் தாண்டுவதற்குள் வண்டி திணறிப் போகிறதாம். “எஞ்சினை ட்யூன் பண்ணிவிட்டால் பறக்கும், அம்மா!” என்கிறான் பிள்ளை. வீட்டுக்காரரோ வாயைத் திறக்கவில்லை. ஆபத்தில்லாத வழி எது என்று கேட்கிறார்.

பிள்ளை சொல்வது பொய்யல்ல. அந்தக் காலத்தில் ட்யூனிங் என்றால் மெக்கானிக் திருப்புளியும் கையுமாகக் கார்புரேட்டரைத் திருகுவார். இன்றைய வண்டியில் சாப்பாட்டு டப்பா அளவு கம்ப்யூட்டர் ஒன்று உட்கார்ந்துகொண்டு, எவ்வளவு பெட்ரோல், எப்போது தீப்பொறி, டர்போ எவ்வளவு காற்றைத் தள்ள வேண்டும் என்று கணக்குப் பார்த்துக் கட்டளையிடுகிறது. வண்டி லடாக் குளிரில் ஓடுமோ, நம் சித்திரை வெயிலில் ஓடுமோ, நல்ல பெட்ரோல் கிடைக்குமோ கிடைக்காதோ என்று யோசித்து, கம்பெனிக்காரன் அந்தக் கணக்கில் கொஞ்சம் இடம் விட்டு வைக்கிறான். ரவிக்கை தைக்கும்போது உள்ளே துணி விட்டுத் தைப்பதில்லையா, அந்த மாதிரி. ட்யூனிங் என்பது அந்தத் துணியைப் பிரித்துவிடுவதுதான். டர்போ வண்டியில் சக்தி நூற்றுக்கு இருபது முப்பது பங்குகூடக் கூடும். டர்போ இல்லாத வண்டியில் ஐந்தோ பத்தோ. அதற்குச் செலவழிப்பது தண்டம்.

பிரித்த பிறகு உடம்பு பெருத்தால் என்ன செய்வது? அதுதான் கேள்வி.

கடைகளில் இரண்டு வகை வைத்தியம் சொல்லுவார்கள். ஒன்று, ஸென்ஸாருக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் சொருகுகிற சின்னப் பெட்டி. காற்றழுத்தம் குறைவாக இருப்பதாக அது கோள் சொல்லும். கம்ப்யூட்டர் அதை நம்பி இன்னும் தள்ளும். வேண்டாமென்றால் கழற்றிவிடலாம் என்பதால் பலருக்கு இதன்மேல் மோகம். ஆனால் வீட்டுக் கணக்குப்பிள்ளையை ஏமாற்றி நடத்துகிற குடித்தனம் எத்தனை நாள் ஓடும்? எஞ்சினின் உண்மை நிலை தெரியாமலே அது காவல் காக்க வேண்டியிருக்கிறது. மற்றொன்று, ஸ்டியரிங்குக்குக் கீழேயுள்ள துளை வழியாகக் கணக்கையே திருத்தி எழுதுவது. இதற்கு ‘ரீமேப்’ என்று பெயர். கைதேர்ந்தவர் நிதானமாகச் செய்தால் பெட்டியைவிட இது மேல். எங்கிருந்தோ வந்த ஒரே கணக்கை எல்லா வண்டிக்கும் ஏற்றுகிறவரிடம் போனால் இதைவிடக் கேடு வேறில்லை.

முக்கியமான ஒன்றைச் சொல்ல வேண்டும். உயர்ந்த ரகப் பெட்ரோலை நம்பி எழுதிய கணக்கானால், கிராமத்துப் பங்கில் அந்த ரகம் இல்லாத அன்று என்ன ஆகும்? தீப்பொறி வருமுன் அல்லது வந்த பிறகு பெட்ரோல் தாறுமாறாக வெடிக்கும், ‘நாக்கிங்’ என்பார்கள். அதை மோப்பம் பிடிக்கும் கருவி வண்டியில் உண்டு. ஆனாலும் காற்றழுத்தத்தை அளவுக்கு மீறிக் கூட்டியிருந்தால் பிஸ்டன் உடைவதுகூட உண்டு. கிளட்சும் கியர்பாக்ஸும் பழைய சக்திக்கென்று செய்தவை. பிரேக்கும் அப்படித்தான், அதை யாரும் பேசுவதேயில்லை!

சட்டம் என்ன சொல்கிறது? 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரித்தவர் குறித்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் அதை வற்புறுத்தியது. அதே வருஷத்துத் திருத்தத்தின்படி முறைகேடான மாற்றம் ஒவ்வொன்றுக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். ஆகவே ஆர்.டி.ஓ. ஆபீஸில் கேட்காமல் யாரும் கை வைக்க வேண்டாம். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லாமல் மாற்றினால், விபத்து என்று வரும்போது அவர்கள் கையை விரித்துவிடலாம். வாரண்டியும் போகும், கணக்கில் கை வைத்த அடையாளம் பல வண்டிகளில் கம்பெனி சர்வீஸில் தெரிந்துவிடுகிறது. புகையைக் கட்டுப்படுத்தும் பாகத்தைக் கழற்றிவிடலாம் என்று சொல்கிற கடையின் படியே ஏறாதீர்கள்.

உத்திரமேரூர் என்றதும் ஞாபகம் வருகிறது. அங்கே வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டுகள் 919, 921-ஆம் வருஷத்தவை இருக்கின்றன. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் மட்டுமல்ல, அவன் உறவினர்கூட மறுபடி நிற்க முடியாது என்பது விதி. மெக்கானிக்கையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். மாற்றுவதற்கு முன்னும் பின்னும் உருளை மேடையில் ஓட்டி அளந்த சக்திக் கணக்கு எங்கே? பழைய கணக்கின் நகலை நம் கையில் தருவாரா? திருப்பி ஏற்றித் தருவாரா? கேட்டதும் மழுப்புகிறவருக்கு ஓலையே எழுதாதீர்கள்.

மாம்பலத்துச் சகோதரிக்கு என் யோசனை: வாரண்டி முடியும்வரை இந்தப் பேச்சே வேண்டாம். லாரியைத் தாண்டத் திணறுவதற்கு எஞ்சின் காரணமாக இருக்க வேண்டியதில்லை. டர்போவுக்கு எஞ்சின் ஓரளவு சுற்றினால்தான் வேகம் வரும். சுமார் இரண்டாயிரம் சுற்றுக்குக் கீழே அது தூங்கும். பிள்ளை பெட்ரோல் மிச்சம் பிடிப்பதாக நினைத்து ஐந்தாவது கியரிலேயே மிதிக்கிறானோ என்னவோ! மூன்றாவதற்கு இறக்கித் தாண்டச் சொல்லிப் பாருங்கள். எதிரே வெளிச்சம் தெரிந்தால் பின்னாலேயே போகச் சொல்லுங்கள். மாமியார் எங்கும் ஓடிவிட மாட்டார்.

கல் தூசி பறக்கும் ரோடல்லவா? ஏர் ஃபில்டரைச் சர்வீஸுக்குக் குறித்த நாள்வரை காத்திராமல் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். ஐந்து பேரும் சாமானும் ஏறினால் டயருக்குக் காற்று எவ்வளவு என்பது டிரைவர் பக்கத்துக் கதவோரத்தில் ஒட்டியிருக்கும். திரும்பி வரும்போது டிக்கியில் மாமியார் ஏற்றிவிடும் அரிசி மூட்டை எத்தனை கிலோ என்று சகோதரி கடிதத்தில் எழுதவில்லை.