ஒரு சொட்டு இரத்தமும் ஒரு நாள் கூலியும்

ஞாயிற்றுக்கிழமை காலை, குழாயில் தண்ணீர் வந்து நின்று குடங்கள் வீட்டுக்குள் போன பிறகு, தாராவிச் சந்துகளில் இப்போது சில இளைஞர்களைப் பார்க்கிறோம். தோளில் ஒரு பை. பைக்குள் சர்க்கரை பார்க்கும் சிறு கருவி, பஞ்சு, ஊசி, ஒரு நோட்டுப் புத்தகம். எல்லாம் கல்லூரியில் படிக்கும் நம் வீட்டுப் பிள்ளைகள். தகப்பனார் தோல் பட்டறையிலும் இட்லி வியாபாரத்திலும் துப்புரவு வேலையிலும் உழைத்துப் படிக்க வைத்த பிள்ளைகள். "பெரியம்மா, விரலைக் காட்டுங்க, ஒரு சொட்டு ரத்தம்தான்" என்று கேட்டுக் கேட்டு இரும்பு ஏணிகளில் ஏறி இறங்குகிறார்கள். மாட்டுங்கா லேபர் கேம்பிலும் செம்பூர்ப் பக்கத்துக் குடிசைகளிலும் இதே வேலை தொடங்கியிருக்கிறது.

"இதெல்லாம் பரீட்சையில் பத்து மார்க்குக்காக" என்றார் ஒரு பெரியவர். இருக்கட்டுமே! நாட்டு நலப்பணித் திட்டம் 1969 இல் தொடங்கிய நாளிலிருந்து எத்தனையோ மாணவர்கள் ஆண்டுக்கு 120 மணி நேரக் கணக்கை மரம் நட்டும் ஊர்வலம் போயும் தீர்த்திருக்கிறார்கள். இந்தப் பிள்ளைகள் அந்த நேரத்தை நம் வீட்டு வாசலில் செலவழிக்கிறார்களே, அதற்குப் பத்து மார்க் அதிகமா?

தோழர்களே! சர்க்கரை நோய் பணக்கார வியாதி என்று நாமும் ஒரு காலத்தில் நம்பியவர்கள்தாம். மூட்டை தூக்குகிறவனுக்குச் சர்க்கரை ஏது என்று சிரித்திருக்கிறோம். 2021 இல் மும்பை மாநகராட்சி, உலக சுகாதார நிறுவனத்தின் முறைப்படி எடுத்த கணக்கில், இந்நகரத்தில் வயது வந்தவர்கள் 100 பேரில் 18 பேருக்கு வெறும் வயிற்றுச் சர்க்கரை 126க்கு மேல் இருந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023 இல் வெளிவந்தது. அதன்படி நாட்டில் 10 கோடியே 10 லட்சம் பேருக்கு நோய். மேலும் 13 கோடியே 60 லட்சம் பேர் அதன் வாசற்படியில் நிற்கிறார்கள். இத்தனை கோடியும் பங்களாக்களில் இருக்க முடியாது.

நம்மவர்களுக்கு இது ஏன் வருகிறது? இனிப்புத் தின்று கொழுத்தா? தையல் மிஷினில் பன்னிரண்டு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறான் நம் தம்பி. சாப்பிட நேரமில்லை. பசியை அடக்கக் கட்டிங் டீ, ஒரு வடாபாவ், மறுபடியும் டீ. ஒவ்வொரு டீயிலும் சர்க்கரை. இரவு பத்து மணிக்கு வீடு வந்து ஒரு தட்டு நிறையச் சோறு, உடனே படுக்கை. "நாங்க ரேஷன்ல போடுற அரிசியைத்தான் திங்கிறோம், சர்க்கரை டப்பாவைத் திறந்து ஒரு வாரம் ஆச்சு, எனக்கு எப்படி வரும்?" என்று ஒரு தாய் நம் மாணவியிடம் சண்டைக்கே வந்துவிட்டாராம். அரிசியும் உடம்புக்குள் போய்ச் சர்க்கரையாகத்தான் மாறுகிறது என்று அந்தப் பெண் பொறுமையாகச் சொல்லியிருக்கிறாள். இப்படி வாசற்படியில் உட்கார்ந்து நம் பேச்சில் சொல்ல ஒரு ஆள் வேண்டும். ஆஸ்பத்திரிச் சுவரில் மராத்தியிலும் இந்தியிலும் ஒட்டிய படம் அதைச் சொல்லாது.

இன்னொன்றையும் தாய்மார்கள் அறிய வேண்டும். சர்க்கரை உள்ளவரைக் காசநோய் இரண்டு மூன்று மடங்கு எளிதாகப் பற்றும். ஒரே அறையில் எட்டுப் பேர் படுக்கும் நம் வீடுகளில் இதன் பொருள் என்ன என்று விளக்க வேண்டுமா? கர்ப்பிணிகளுக்குச் சர்க்கரை பார்ப்பதும் அப்படித்தான். பிரசவத்தோடு போய்விடும் என்று விட்டுவிட்டால், தாய்க்குப் பின்னாளில் அது திரும்பி வரலாம். பிள்ளைக்கும் வர இடமுண்டு. சென்னை டாக்டர் வி.சேஷையா வாழ்நாள் முழுவதும் சொல்லி வந்தது இதைத்தான்.

இனி, நம் மனத்தை உறுத்துகிற விஷயத்துக்கு வருவோம்.

துணி தேய்க்கும் தொழிலாளி ஒருவர். மாணவர்கள் பார்த்தபோது அவருக்குச் சர்க்கரை 300ஐத் தாண்டியிருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி ஒரு சீட்டு எழுதிக் கொடுத்து வந்தார்கள். ஒரு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால், சீட்டு அதே மடிப்போடு முருகன் படத்துக்குப் பின்னால் செருகியிருக்கிறது! "போனேன் தம்பி. கேஸ் பேப்பர் எடுக்கவே பாதி நாள். நாளைக்கு வெறும் வயித்தோட வான்னாங்க. ரிசல்ட்டுக்கு அதுக்கு மறுநாள். மூணு நாள் கூலியை யார் தருவா?" என்றார் அவர். அந்த மாணவனிடம் பதில் இல்லை. நம்மிடம் இருந்ததா?

நம் சங்கமும் குற்றம் செய்திருக்கிறது, மறைப்பானேன்? நவம்பர் 14 வந்தால் பந்தல் போடுகிறோம். இன்சுலினைக் கண்ட பாண்டிங் பிறந்த நாள் அது. உலக நீரிழிவு நாள். பேனர், மாலை, தலைவர் உரை, வரிசையில் நூறு விரல்கள், பிறகு புகைப்படம். மறுநாள் பந்தலைப் பிரித்ததோடு சரி. யாருக்கு எத்தனை இருந்தது, அவர் மருந்து வாங்கினாரா என்று எந்த ஆண்டாவது திரும்பிப் பார்த்தோமா? பாண்டிங் குழுவினர் தங்கள் கண்டுபிடிப்பின் உரிமையை ஒரு டாலருக்குப் பல்கலைக்கழகத்திடம் கொடுத்தார்கள். ஏழைக்கும் அது போய்ச் சேர வேண்டும் என்பதுதான் நோக்கம். நாம் அவர் பெயரில் பந்தல் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனோம்.

நம் ஊர்ப் பக்கம் பாருங்கள். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டு 5 இல் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது. சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் உரிய மாத்திரைகள் வீட்டு வாசலுக்கு வருகின்றன. திருநெல்வேலிக் கிராமத்தில் தாய் திண்ணையில் உட்கார்ந்தபடி மாத்திரை வாங்குகிறாள். தாராவியில் அவள் மகன் அதே மாத்திரைக்காகக் கூலியை இழக்கிறான். இரண்டும் இந்தியாதானே!

முடியாத காரியம் என்று மாநகராட்சி சொல்ல முடியாது. 2020 ஏப்ரலில் கொரோனா தாராவிக்குள் நுழைந்தபோது, மாநகராட்சி ஊழியர்களும் தனியார் டாக்டர்களும் இதே சந்துகளில் வீடு வீடாக வந்தார்கள். காய்ச்சல் பார்த்தார்கள். உலகமே பாராட்டியது. அந்த நோய் ஊரெல்லாம் பரவும் என்ற பயம் அன்று அவர்களை நம் வாசலுக்குக் கொண்டு வந்தது. சர்க்கரை அடுத்தவருக்குத் தொற்றாது. அதனால்தான் அதற்கு யாரும் வருவதில்லை போலும்.

2022 இல் தொடங்கிய 'ஆப்லா தவாகானா' மருந்தகங்கள் நல்ல ஏற்பாடு. மருந்தும் இரத்தப் பரிசோதனையும் அங்கே இலவசம். இன்றும் நம்மவரில் பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. நாம் கேட்பது இதுதான்: மாலை வேலை முடிந்து வருகிறவர் பார்க்கும் நேரத்தில் அவை திறந்திருக்க வேண்டும், சர்க்கரை மாத்திரை ஒரு மாதத்துக்குச் சேர்த்துக் கொடுக்க வேண்டும், நடக்க முடியாதவருக்கு வீட்டுக்கே வர வேண்டும். அந்த வேலையைச் சம்பளமில்லாத மாணவர் தலையில் கட்டிவிட்டு, வீடு வீடாக நடக்கும் ஆரோக்கிய சேவிகைகளின் ஊதியக் கோரிக்கையைத் தள்ளிப் போடுவதை நாம் ஒப்ப மாட்டோம். மாணவர்களும் ஒப்பக் கூடாது.

மாணவர்களுக்கும் சில வார்த்தை. ஒருவருக்குக் குத்திய ஊசியை இன்னொருவருக்கு எக்காரணம் கொண்டும் குத்தாதீர்கள். கருவி காட்டும் எண்ணைச் சந்து முழுக்கக் கேட்கும்படி சொல்லாதீர்கள். அந்த வீட்டில் கல்யாணத்துக்குப் பெண் இருக்கும். அந்த எண்ணே முடிவும் ஆகாது, ஆய்வகச் சோதனை வேண்டும் என்று சொல்லுங்கள். ஓட்ஸ், ஆலிவ் எண்ணெய் என்று பேசாதீர்கள். சோற்றில் ஒரு கரண்டி குறைத்துக் கீரையும் சுண்டலும் கூட்டச் சொல்லுங்கள். டீக்கடைக்காரரிடம் சர்க்கரையைப் பாதியாக்கச் சொல்லுங்கள். சென்னையில் டாக்டர் ஏ.ராமச்சந்திரன் குழுவினர், நோயின் வாசலில் நின்ற 531 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2006 இல் வெளிவந்தது. சும்மா விடப்பட்டவர்களில் மூன்றாண்டுக்குள் 100க்கு 55 பேருக்கு நோய் வந்தது. உணவைத் திருத்தி, நடக்கச் சொல்லி, விடாமல் நினைவூட்டப்பட்டவர்களில் 39 பேருக்குத்தான் வந்தது. விடாமல் நினைவூட்டியதைக் கவனியுங்கள். ஒரு முறை சொன்னதோடு அவர்கள் நிற்கவில்லை.

லோக்கல் வண்டிகளில் தினம் பார்க்கிறோம்: 'சர்க்கரையை ஒரே மாதத்தில் வேரோடு ஒழிக்கும் சூரணம்' என்று ஒட்டியிருக்கிறார்கள். அதை நம்பி மாத்திரையை நிறுத்தியவர்களை நமக்குத் தெரியும். நம்மோடு ரயில்வேயில் வேலை பார்த்த தோழர் ஒருவருக்கு இலவச ஆஸ்பத்திரி இருந்தது. வேலைக்கு ஆபத்து வருமோ என்று நோயை மறைத்துச் சூரணம் தின்றார். காலில் கண்ணாடி ஏறியதுகூட அவருக்குத் தெரியவில்லை. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். வசதி இருந்தவருக்கே இந்தக் கதி.

அடுத்த ஞாயிறு முதல் சங்க அலுவலகத்தில் ஒரு பதிவேடு இருக்கும். மாணவர்கள் பார்த்துச் சொல்லும் ஒவ்வொருவருக்கும் அதில் ஒரு பக்கம்; உரியவரையும் பொறுப்பாளரையும் தவிர வேறு யாரும் அதைத் திறக்க முடியாது. ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவரோடு சங்கத்திலிருந்து ஒருவர் கூட வந்து கேஸ் பேப்பர் வரிசையில் நிற்பார். இரவு ஷிப்ட் முடிந்து பகலில் ஓய்வாக இருக்கும் தோழர்கள் பெயர் கொடுங்கள். சோதனைக்கு வருகிறவர்கள் காலை 7 மணிக்கு வெறும் வயிற்றோடு வரவும். தண்ணீர் குடிக்கலாம், டீ கூடாது. பழைய மருந்துச் சீட்டு, எவ்வளவு கசங்கியிருந்தாலும், கையோடு கொண்டு வரவும்.